இரும்பு மாட்டுக்குச் சுழி

சந்தையில் மாடு வாங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மாட்டின் பருமனைப் பார்த்து மயங்கி நிற்கிறவன் சந்தைக்குப் புதியவன். அனுபவப்பட்ட சம்சாரி அவசரப்படமாட்டார். வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார். கயிற்றைப் பிடித்து நடக்கவிட்டுப் பார்ப்பார். கடைசியில் நெற்றியிலும் முதுகிலும் கையைத் தடவி, சுழி எங்கே விழுந்திருக்கிறதென்று தேடுவார். பலம் எவ்வளவு என்பது அவருக்கு இரண்டாவது கேள்வி. அந்தப் பலம் தம் வயலுக்கும் தம் கைக்கும் அடங்குமா என்பதுதான் முதல் கேள்வி.

டிராக்டர் விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் நம்மை விட்டுப் போய்விடுகிறது. "எத்தனை குதிரை சக்தி?" என்று கேட்கிறோம், பதிலாக வரும் எண் பெரிதாக இருந்தால் திருப்தியடைந்து விடுகிறோம். விற்கிறவர்களும் அந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறார்கள். ஆனால் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், உலகத்து உழவு முறையையே மாற்றிய ஒரு டிராக்டரின் சக்தி மிகச் சாமானியமானது என்று தெரிகிறது. அதன் டீஸல் வகைக்குச் சுமார் 26 குதிரை சக்திதான். பெர்குஸன் டி.இ.20 என்பது அதன் பெயர். உடம்பெல்லாம் சாம்பல் நிறம். இங்கிலாந்து விவசாயிகள் அதைச் செல்லமாகச் 'சின்னச் சாம்பல் பெர்கி' என்று அழைத்தார்கள். அதன் வாரிசாக வந்த 35 என்ற டீஸல் டிராக்டர் பிற்பாடு கடல் கடந்து வந்து, சென்னையில் செம்பியத்தில் இன்னொரு பிறவி எடுத்தது.

கதை எழுதுகிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பழைய டிராக்டர்களின் விவரப் பட்டியல் என்பது பார்வைக்கு வறண்ட சமாசாரந்தான். எடை இவ்வளவு, கியர் இத்தனை, சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி இவ்வளவு என்று வரிசையாகப் போகும். ஆனால் அந்த வரிகள் எப்படி வந்தன என்று விசாரித்துக்கொண்டு போனால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதருடைய பிடிவாதமோ, ஒரு சிநேகத்தின் முறிவோ, யாரோ பெயர் தெரியாத குடியானவனின் சாவோ நிற்கிறது. எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

அந்தச் சாவிலிருந்தே தொடங்குகிறேன்.

1917-ஆம் வருஷம் ஹென்றி போர்டு அமெரிக்காவில் 'போர்ட்ஸன்' என்ற டிராக்டரைப் பெருவாரியாக உற்பத்தி செய்யத் தொடங்கினார். அதற்கு முன்பிருந்த டிராக்டர்களில் பெரும்பாலானவை ரயில் எஞ்சினுக்குத் தம்பிபோல இருக்கும். பெரிய பண்ணைக்காரர்தாம் அவற்றை வைத்துக் காப்பாற்ற முடியும். போர்ட்ஸன் சிறியது, மலிவானது, நடுத்தரக் குடியானவன் கையிலும் வந்து சேர்ந்தது. வந்ததும் அவன் என்ன செய்தான்? குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவை நின்ற இடத்தில் டிராக்டரை நிறுத்தினான். அதே கலப்பையை ஒரு கொக்கியால் பின்னால் மாட்டிக்கொண்டான்.

விபரீதம் அங்கேதான் இருந்தது. மண்ணுக்கடியில் பாறையிலோ மரத்தின் வேரிலோ கலப்பை சிக்கிக்கொண்டால் குதிரை நின்றுவிடும். யந்திரத்துக்கு நிற்கத் தெரியாது. பின்சக்கரம் நகர முடியாமல் பிடித்துக்கொள்ளும்போது, எஞ்சினுடைய பலம் போக்கிடம் இல்லாமல் டிராக்டரின் முன்பக்கத்தை மேலே கிளப்பும். மிரண்ட குதிரை முன்னங்கால்களைத் தூக்குவதுபோல டிராக்டர் எழும்பும். கண்மூடித் திறப்பதற்குள் மல்லாந்து, ஓட்டுகிறவன் மேலேயே விழும். இப்படி நசுங்கி மாண்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

அதே 1917-ல், முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக் கொண்டிருந்ததால் பிரிட்டனில் உணவு நெருக்கடி. உள்ள நிலத்தையெல்லாம் உழுதாக வேண்டும். அயர்லாந்தின் விவசாய இலாகா, டிராக்டர்களின் வேலைத் திறனைச் சீர்படுத்தும் பொறுப்பை பெல்பாஸ்ட் நகரத்து மோட்டார் வியாபாரி ஒருவரிடம் ஒப்படைத்தது. அவர்தாம் ஹாரி பெர்குஸன்.

பெர்குஸன் 1884-ல் வட அயர்லாந்தில் டிரோமோர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர். பண்ணை வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. வாலிபத்திலேயே வீட்டைவிட்டு வெளியேறி, பெல்பாஸ்டில் அண்ணன் நடத்திவந்த மோட்டார் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்தார். அங்கே இருந்துகொண்டு, தாமே ஒரு விமானத்தைக் கட்டினார். 1909-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அது அவரைச் சுமந்துகொண்டு சுமார் 130 கஜ தூரம் பறந்தது. அயர்லாந்து மண்ணிலிருந்து எழும்பிய முதல் விமானம் அதுதான். ஆகாயத்தை எட்டிப் பார்த்துவிட்ட மனிதரை, தாம் வெறுத்து ஓடிவந்த அதே உழவுக்கு சர்க்கார் திருப்பி அனுப்பியது. விதிக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பட்டறையில் அவருக்கு வலக்கையாக இருந்தவர் வில்லி ஸாண்ட்ஸ் என்ற தொழிலாளி. பெர்குஸனுக்குக் கற்பனையும் வாய்ப்பேச்சும் அதிகம். ஸாண்ட்ஸுக்குக் கையில் வித்தை அதிகம். ஒருவர் வாயால் சொல்வதை மற்றவர் இரும்பில் செய்து காட்டுவார். புகழ் முழுவதும் பின்னால் பெர்குஸனுக்கே போய்ச் சேர்ந்தது. நாவல்களிலும் இப்படித்தான், கதையைத் தாங்கும் பாத்திரம் ஒன்று, அட்டையில் படம் போடப்படும் பாத்திரம் இன்னொன்று. இருவரும் யுத்த காலத்தில் அயர்லாந்து முழுவதும் சுற்றி, எங்கெங்கே டிராக்டர் உழுகிறதோ அங்கெல்லாம் போய்ப் பார்த்தார்கள். பார்த்து முடித்தபோது பெர்குஸனுக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. டிராக்டர் தனி, கலப்பை தனி என்று இருக்கும் வரையில் இந்தத் தொல்லை தீராது. இரண்டும் ஒரே உடம்பாக வேண்டும்.

இதை விளக்க நம் ஊர் உழவனை அழைத்துக்கொள்கிறேன். ஏர் ஓட்டுகிறவனின் ஒரு கை எப்போதும் மேழியின்மேல் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அந்தக் கை சும்மா இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஏரின் மூளையே அந்தக் கைதான். மண் இறுகிய இடத்தில் அது அழுத்தத்தைத் தளர்த்தும். இளகிய இடத்தில் மாற்றிக்கொள்ளும். மாடு எவ்வளவு திணறுகிறதென்பது ஏர்க்கால் வழியாக அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். உழவன் யோசித்து இதைச் செய்வதில்லை. கை தானாகச் செய்கிறது.

பெர்குஸன் கண்டுபிடித்தது அந்தக் கையைத்தான். டிராக்டரின் பின்புறத்தில் கீழே இரண்டு கம்பிகள், மேலே நடுவில் ஒரு கம்பி, ஆக மூன்று முனைகளில் அவர் கலப்பையைப் பிணைத்தார். கீழே உள்ள இரண்டும் கலப்பையை இழுக்கும். மண் கலப்பையின் அடிப்பாகத்தை எதிர்த்துத் தள்ளும்போது, கலப்பையின் தலை முன்னால் சாயப் பார்க்கும். அப்படிச் சாயும்போது மேல் கம்பியை டிராக்டரை நோக்கி அழுத்தும். அந்த அழுத்தம் டிராக்டரின் முன்சக்கரங்களைத் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். முன்பு டிராக்டரைக் கவிழ்த்த அதே மண்ணின் எதிர்ப்பு, இப்போது அதைக் கவிழாமல் காப்பாற்றுகிறது. கலப்பையின் கனமும், அதன்மேல் புரளும் மண்ணின் கனமும் பின்சக்கரங்கள்மேல் இறங்குவதால், சக்கரங்கள் வழுக்காமல் பற்றி நடக்கின்றன. அதனால் டிராக்டரையே கனமாகச் செய்யவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

இதோடு அவர் நிறுத்தவில்லை. மேல் கம்பியின் மறுமுனையில் ஒரு வலுவான ஸ்பிரிங்கை வைத்தார். மண் இறுகினால் ஸ்பிரிங் அழுந்தும். அழுந்தியதும் ஒரு வால்வு நகரும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இரண்டு கரங்கள் கலப்பையைச் சற்றே உயர்த்தும். இளகிய மண் வந்தால் ஸ்பிரிங் விரியும். கலப்பை மறுபடி இறங்கும். பாறையில் மோதினால் அழுத்தம் ஒரேயடியாக ஏறி, எண்ணெய் விடுபட்டு, பின்சக்கரங்களின்மேல் இருந்த பாரம் கழன்றுவிடும். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வெறுமே சுற்றும். ஓட்டுகிறவன் இறங்கிப் பாறையைப் பார்த்துவிட்டு, உயிரோடு வீடு திரும்பலாம்.

இந்த யோசனைக்கு 1925-ல் பிரிட்டனில் உரிமைப் பத்திரத்துக்கு மனுப் போட்டார் பெர்குஸன். ஆனால் உரிமை வாங்கிவிட்டால் போதுமா? செய்து தர ஓர் ஆள் வேண்டாமா? 1933-ல் தாமே ஒரு மாதிரி டிராக்டரைக் கட்டிக் கறுப்பு வர்ணம் பூசி ஊர் ஊராகக் காட்டினார். யார்க்ஷயரில் பல்சக்கரங்கள் செய்துவந்த டேவிட் பிரௌன் கம்பெனி முன்வந்தது. 1936-லிருந்து இருவர் பெயரையும் தாங்கி டிராக்டர்கள் வெளிவந்தன. அருமையான யந்திரம், ஆனால் விலை போர்ட்ஸனைவிட அதிகம். கருவிகளையும் புதிதாக வாங்கியாக வேண்டும். சுமார் 1,350 டிராக்டர்கள் செய்வதற்குள் கூட்டாளிகள் இருவருக்கும் மனஸ்தாபம் வந்துவிட்டது. டிராக்டரைப் பெரிதாக்க வேண்டுமென்றார் பிரௌன்; கூடாதென்றார் பெர்குஸன்.

1938 அக்டோபரில் பெர்குஸன் ஒரு டிராக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு, அமெரிக்காவில் டியர்பார்ன் நகரிலிருந்த ஹென்றி போர்டின் மாளிகைக்கே போனார். போர்டும் குடியானவர் மகன். உழவு வேலையின் கஷ்டத்தைச் சிறுவயதில் அனுபவித்து வெறுத்தவர். வயலில் டிராக்டர் உழுது காட்டியது. பிறகு மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பொம்மை டிராக்டரை வைத்துக்கொண்டு பெர்குஸன் தமது தத்துவத்தை விளக்கினார். கேட்டு முடித்ததும் இரண்டு பேரும் எழுந்து கை குலுக்கிக்கொண்டார்கள். வக்கீல் இல்லை, பத்திரம் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. போர்டு டிராக்டரைச் செய்து தருவது, பெர்குஸன் விற்பது, ஒருவர் வார்த்தையை மற்றவர் நம்புவது. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அதன் பயனாக 1939-ல் வந்தது போர்டு 9என் என்ற டிராக்டர். விலை 585 டாலர். அதை அறிமுகப்படுத்திய விழாவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை ஏற்றி உழச் செய்தார்கள். ஆள் நசுக்கியென்று பேர் வாங்கிய டிராக்டர் ஜாதியில், குழந்தை உட்கார்ந்து ஓட்டக்கூடிய பிள்ளை ஒன்று பிறந்துவிட்டதை ஊரறியச் செய்ய இதைவிட நல்ல உபாயம் ஏது? எட்டு வருஷங்களில் அந்த வகை டிராக்டர்கள் 3 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன.

ஆனால் எழுதாத ஒப்பந்தத்துக்கு இரண்டு மனிதர்களின் ஞாபகந்தான் சாட்சி. ஒருவர் போய்விட்டால் பாதிச் சாட்சி போயிற்று. கிழவர் போர்டு தளர்ந்து, 1945-ல் பேரன் இரண்டாம் ஹென்றி போர்டு பட்டத்துக்கு வந்தார். தாத்தாவின் கைகுலுக்கல் கம்பெனிக்கு நஷ்டம் என்பது பேரனின் கணக்கு. 1947-ல் அந்தச் சம்பந்தம் அறுந்தது. அவ்வருஷம் ஏப்ரலில் தாத்தாவும் காலமானார். போர்டு கம்பெனி தன் புதிய டிராக்டரில் அதே மூன்று முனை அமைப்பை வைத்துத் தானே விற்கத் தொடங்கியது. பெர்குஸன் வழக்குத் தொடர்ந்தார். கேட்ட நஷ்ட ஈடு, 25 கோடியே 10 லட்சம் டாலர்; பிற்பாடு அதையும் உயர்த்தினார். நான்கு வருஷம் இழுத்தடித்த பிறகு, 1952-ல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமாதானமாயிற்று. ஜயித்தது யார் என்று கேட்டால், ஜயிக்காதவர்கள் இருவர் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

இதற்கிடையில் இங்கிலாந்தில் பெர்குஸன் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் யுத்தம் முடிந்திருந்தது. ஜயித்த தேசமாகிய பிரிட்டனில், யுத்த காலத்தில்கூட இல்லாத வழக்கமாக, 1946-ல் ரொட்டிக்கே ரேஷன் வந்தது. கவெண்ட்ரி நகரில் பானர் லேன் என்ற இடத்தில், யுத்தத்தின்போது விமான எஞ்சின்கள் செய்த பிரம்மாண்டமான தொழிற்சாலை ஒன்று வேலையில்லாமல் கிடந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அங்கே பெர்குஸனுக்காக டிராக்டர் செய்ய முன்வந்தது. அதுதான் டி.இ.20. 'டிராக்டர், இங்கிலாந்து' என்பதற்குச் சுருக்கம் அந்த இரண்டு எழுத்து. 1956-க்குள் அது 5 லட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியாயிற்று.

இப்போது சுழி பார்க்கலாம்.

எடை சுமார் 1,100 கிலோ. நல்ல காங்கேயம் காளைகள் இரண்டை நிறுத்தால் ஏறத்தாழ அந்த எடை வரும். முன்னே போக நான்கு கியர், பின்னே வர ஒன்று. சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தை 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை நாலு நாலு அங்குலமாகக் கூட்டலாம், குறைக்கலாம். பயிர் எந்த வரிசையில் நிற்கிறதோ அந்த வரிசைக்குத் தக்கபடி காலை வைத்துக்கொள்ளும் மாடு அது. இடது சக்கரத்துக்குத் தனி பிரேக், வலது சக்கரத்துக்குத் தனி பிரேக். ஒன்றை மட்டும் மிதித்தால் வரப்போரத்தில் நின்ற இடத்திலேயே திரும்பும். எஞ்சினைக் கிளப்பத் தனிப் பித்தான் கிடையாது. கியர்க் கம்பியையே ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத் தள்ளவேண்டும். எனவே கியரில் இருக்கும்போது அதை யாரும் கிளப்ப முடியாது. திடீரென்று பாய்ந்து யாரையும் முட்டாது. பழுது பார்க்க ஒரு ஸ்பானர் கொடுத்தார்கள். அதன் பிடியில் அங்குலக் கோடுகள் போட்டிருக்கும். மரையைத் திருகவும் அதுவே, அளவு பார்க்கவும் அதுவே. மறதிக்காரக் குடியானவனைப் பெர்குஸன் எத்தனை அன்போடு நினைத்திருக்கிறார் பாருங்கள்!

எஞ்சின் விஷயத்துக்கு வருகிறேன். தொடக்கத்தில் பெட்ரோல் எஞ்சின்தான். பெட்ரோல் விலை கட்டாமல், 1949-ல், பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் ஓடும் வகை வந்தது. 1951-ல் வந்தது டீஸல் வகையான டி.இ.எப்.20. நான்கு சிலிண்டர், கொள்ளளவு 2,092 கன சென்டிமீட்டர். டீஸல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலை இல்லை. காற்றைப் பதினேழில் ஒரு பங்காக நெருக்கும்போது அது தானே கொதித்துப் போகிறது; அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சியதும் பற்றிக்கொள்கிறது. மெதுவாகச் சுழலும்போதும் நன்றாக இழுக்கும். எண்ணெய்ச் செலவும் குறைவு. வேகமாக ஓடவேண்டியது குதிரைப் பந்தயக்காரனுக்கு. நிதானமாக, விடாமல், சாயங்காலம் வரை இழுக்கவேண்டியது உழவனுக்கு. டீஸல் உழவனின் குணம் படைத்தது. இதே எஞ்சினைத்தான் ஸ்டாண்டர்டு கம்பெனி 1954-ல் தன் வான்கார்டு காரிலும் வைத்து விற்றது. டீஸலில் ஓடிய முதல் பிரிட்டிஷ் கார் என்று அது பெயர் வாங்கியது. துரைமார் ஏறிய காருக்கும் சேற்றில் இறங்கிய டிராக்டருக்கும் ஒரே இதயம்!

இந்தச் சாமானிய டிராக்டர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. எவரெஸ்டில் டென்ஸிங்குடன் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி, பெர்குஸன் டிராக்டர்களின் சக்கரங்களுக்குமேல் இரும்புப் பட்டைகளை மாட்டி, பனிப் பாலைவனத்தைக் கடந்து 1958 ஜனவரி 4-ந் தேதி தென் துருவத்தை அடைந்தார். அவை பெட்ரோலில் ஓடியவை. தரைமார்க்கமாகத் துருவத்தைத் தொட்ட முதல் மோட்டார் வாகனங்கள் அவைதாம்.

பெர்குஸனுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. 1953-ல் தம் வியாபாரத்தைக் கானடாவின் மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு சேர்த்துவிடச் சம்மதித்தார். எல்லாம் பேசி முடித்த பிறகு, விலையில் 10 லட்சம் டாலர் வித்தியாசம் நின்றது. இரு தரப்பும் இறங்கி வரவில்லை. நாணயத்தைச் சுண்டிவிட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்றார் பெர்குஸன். சுண்டினார்கள். அவர் தோற்றார். ஸ்பிரிங் எவ்வளவு அழுந்தவேண்டும் என்பதை நூலிழை அளவுக்குக் கணக்குப் பார்த்த மனிதர், பத்து லட்சம் டாலரைக் காற்றில் எறிந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார். கற்பனையாக இதை நான் எழுதியிருந்தால், "நம்பும்படியாக இல்லை" என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள்.

1956-ல் சாம்பல் பெர்கி ஓய்ந்து, 35 வந்தது. விரைவில் கம்பெனியின் பெயர் மாஸி-பெர்குஸன் ஆயிற்று. டிராக்டருக்கும் சிவப்புச் சட்டை கிடைத்தது. முன்னே போக ஆறு கியர், பின்னே வர இரண்டு. நல்ல வகைகளில் கிளட்ச் இரண்டு கட்டமாக வேலை செய்தது. பெடலைப் பாதி அமுக்கினால் டிராக்டர் நிற்கும், பின்னால் மாட்டிய கருவி சுழன்றுகொண்டே இருக்கும். முழுவதும் அமுக்கினால் இரண்டும் நிற்கும். ஆனால் முதலில் வைத்த நான்கு சிலிண்டர் டீஸல் எஞ்சினுக்கு ஒரு கெட்ட சுழி இருந்தது. குளிர்காலக் காலைகளில் கிளம்ப மறுத்தது. நம் ஊர் வெயிலில் அந்தக் குற்றம் குற்றமாகவே தெரிந்திராது. இங்கிலாந்துப் பனியில் அது பெரிய வசையாயிற்று. 1959-ல் மாஸி-பெர்குஸன், டீஸல் எஞ்சின் செய்வதில் பேர்பெற்ற பெர்க்கின்ஸ் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டது. பெர்க்கின்ஸ் கொடுத்த எஞ்சினுக்கு நான்குக்குப் பதில் மூன்றே சிலிண்டர்; கொள்ளளவு இரண்டரை லிட்டர்; சக்தி சுமார் 37 குதிரை. எண்ணெயை நேரே சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் அமைப்பு. காலையில் சொன்னபடி கிளம்பியது. ஒரு சிலிண்டரைக் குறைத்து ஒரு குறையைத் தீர்த்தார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் கதை நம் ஊருக்கு வருகிறது. சென்னை மவுண்ட் ரோடில் 1840-லிருந்து கோச்சு வண்டிகள் கட்டிவந்த சிம்ப்ஸன் கம்பெனி, அனந்தராமகிருஷ்ணனின் நிர்வாகத்தில் பெர்க்கின்ஸ் டீஸல் எஞ்சின்களைச் செய்யும் கம்பெனியாக வளர்ந்திருந்தது. எஞ்சின் கையில் இருக்கும்போது டிராக்டர் எவ்வளவு தூரம்? 1959-ல் ஃபரீதாபாதில் ஐஷர் டிராக்டர் உற்பத்தி தொடங்கியது. அடுத்த வருஷமே, மாஸி-பெர்குஸனின் ஒத்துழைப்போடு சென்னையில் 'டாபே' கம்பெனி நிறுவப்பட்டது. அங்கே உருவாகித் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய சிவப்பு டிராக்டர்களின் பக்கவாட்டில் 1035 என்ற எண்ணைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களில் கவெண்ட்ரியின் 35 உட்கார்ந்திருக்கிறது. டாபே பிறந்த அதே 1960-ல், அக்டோபர் மாதம், இங்கிலாந்தில் ஹாரி பெர்குஸன் காலமானார்.

அவர் கனவு என்ன ஆயிற்று? இதைக் கேட்காமல் கட்டுரையை முடிப்பது நியாயமாகாது. உழவுச் செலவு குறைந்தால் உணவின் விலை குறையும், உணவின் விலை குறைந்தால் உலகத்தின் தரித்திரமே தீரும் என்று அவர் மேடைக்கு மேடை பேசினார், மனப்பூர்வமாக நம்பினார். சின்ன விவசாயியைப் பெரிய விவசாயிக்குச் சமமாக்குவதற்கென்றே சின்ன டிராக்டரைச் செய்தார். ஆனால் விளைபொருளின் விலை குறைந்தால் விளைவித்தவன் என்ன ஆவான் என்பதற்கு அவருடைய கணக்கில் இடம் இல்லை. ஐரோப்பாவின் வயல்களிலிருந்து குதிரை போயிற்று; குதிரையோடு அதை ஓட்டியவனும் பட்டணத்துக்குப் போனான்; கொஞ்ச காலத்தில் சின்னப் பண்ணையே பெரிய பண்ணைக்குள் மறைந்தது. பண்ணைகள் பெரிதாகப் பெரிதாக, டிராக்டர்களும் பெரிதாயின. சின்னவனுக்காகச் செய்த யந்திரம் சின்னவனைக் காப்பாற்றவில்லை.

நம் பக்கத்தில் அது வேறு விதமாக நடந்தது. இரண்டு ஏக்கர்க்காரன் டிராக்டர் வாங்கவில்லை. மணிக் கணக்கில் வாடகைக்கு அழைத்தான். உழவு மாடு வைத்துக் காப்பாற்ற முடியாத விதவைத் தாயாரின் நிலமும், மழை பெய்து பதம் மாறுவதற்குள் உழுது முடிகிறது. முன்பெல்லாம் அவள், ஏர் வைத்திருப்பவர்கள் தங்கள் நிலத்தை உழுது முடிக்கும் வரையில் காத்திருந்து, ஈரம் போன கட்டாந்தரையைத்தான் உழுவித்துக்கொள்வாள். இந்த லாபம் சின்ன லாபமல்ல. ஆனால் ஒரு ஜோடி மாட்டையும் ஒரு கலப்பையையும் நம்பி, பிறர் நிலத்தில் ஏர் ஓட்டிப் பிழைத்தவனின் கதையையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். மேழியின்மேல் இருந்த அந்த அறிவுள்ள கையை ஒரு ஸ்பிரிங்கும் ஒரு வால்வும் கற்றுக்கொண்டுவிட்டன. கற்றுக் கொடுத்தவனுக்குச் சம்பளம் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து எது கனம் என்று சொல்ல என்னால் ஆகவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். லாபத்தைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. நஷ்டப்பட்டவனுடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. போர்ட்ஸனின் கீழே நசுங்கிய குடியானவனைப் போலவே அவனும் சரித்திரத்தில் பெயரில்லாமல் நிற்கிறான்.

பானர் லேன் தொழிற்சாலை 2000-களின் தொடக்கத்தில் டிராக்டர் செய்வதை நிறுத்திவிட்டது. கைகுலுக்கிய இரண்டு பேரும் இல்லை. வழக்காடிய பணம் செலவழிந்துவிட்டது. உரிமைப் பத்திரங்கள் காலாவதியாகி வெகு காலமாயிற்று. மூன்று முனை அமைப்பு சர்வதேச அளவுக்கோலில் ஏறி, எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது. சிவப்பு, பச்சை, நீலம் என்று எந்தக் கம்பெனி டிராக்டரின் பின்னால் போய்ப் பார்த்தாலும், கீழே இரண்டு, மேலே ஒன்று. மேலே இருப்பதை நம் டிரைவர்கள் 'டாப் லிங்க்' என்பார்கள். ஐந்து கொத்துக் கலப்பையைக் கழற்றிப் போட்டுவிட்டு ரோட்டவேட்டரை மாட்டுவதானாலும், சட்டிக் கலப்பையை மாட்டுவதானாலும், மூன்று முனைகளில் மூன்று முளைகளைச் செருகினால் வேலை முடிந்தது. அந்த டிரைவரிடம் போய், "இதைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா?" என்று கேட்டால் அவருக்குத் தெரிந்திராது. தெரியாவிட்டாலும் குற்றமில்லை, நுகத்தடியைக் கண்டுபிடித்தவன் யாரென்று நமக்குத் தெரியுமா?

எத்தனை குதிரை சக்தி என்று கேட்பதோடு, டிராக்டர் வாங்குகிறவர்கள் ஒரு நிமிஷம் பின்பக்கமும் போய்ப் பார்ப்பது நல்லது. அதன் சுழி அங்கேதான் இருக்கிறது.